ஜெபமலரும் ‘வாறன்’ என்ற சொல்லும்

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் யார் வீட்டுக்குப் போனாலும், திரும்ப வெளிக்கிடும்போது ஜெபமலர் “போறன்” என்றுதான் சொல்வாள். “வாறன்” என்ற சொல் அவள் வாயில் வராது. சாவீட்டில் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வருவது எங்கள் வழக்கம். மற்ற வீடுகளில் “போட்டு வாறன்” என்று சொல்லாமல் யாரும் சப்பாத்து மாட்டுவதில்லை. ஒரு பிறந்தநாள் விழாவில் இவள், “சரி, நான் போறன்” என்று கதவைத் திறந்ததும் அந்த வீட்டுக்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“செலினக்கா, உந்த மனிசிக்கு வாயில ஒரு நல்ல சொல் வராதோ?”

“வரும். மீன் குழம்புதான் வராது,” என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். ஜெபமலரின் மீன் குழம்பை நாய்க்கு வைத்தாலும் யோசிக்கும். ஆனால் அந்தப் “போறன்” வாய்த்துடுக்கில் வந்ததல்ல. 2009இல் இலங்கையில் சண்டை முடிந்த கையோடு வந்தது. அது எப்படி வந்தது என்று சொல்வதென்றால், அதற்கு ஏழு வருடம் முன்பு ஜெர்மனியில் ஆகாயத்தில் நடந்த ஒரு மோதலில் தொடங்க வேண்டும்.

ஜெபமலர் சாவகச்சேரிப் பக்கத்தவள். பெந்தெகொஸ்தே சபைக்காரி. எண்பதுகளின் கடைசியில் கணவர் அல்பேட்டின் பின்னால் டென்மார்க் வந்தாள். வந்ததும் இங்கே எல்லோரையும் போலத் தையல் தொழிற்சாலைக்குப் போனாள். நாள் முழுக்க பெனியனின் தோள்மூட்டு மட்டும் தைப்பது அவள் வேலை. பிறகு முதலாளி வேலையைப் போலந்துக்குக் கொண்டுபோனார். மெஷின்களையும் கொண்டுபோனார், இவளை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அதன் பின் பில்லுண்ட் விமான நிலையத்தில் துப்புரவு வேலை. பயணிகள் இறங்கியதும் விமானத்துக்குள் ஏறி, இருக்கைப் பைகளில் கிடக்கும் குப்பையை எடுத்து, மேசைகளைத் துடைத்து, கம்பளத்தை வக்கூம் பண்ணி, அடுத்த பயணிகள் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். “வாழ்க்கையில நான் ஏறாத விமானம் இல்லை, போன இடந்தான் ஒண்டுமில்லை” என்பாள்.

அல்பேட் அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் வேலை. நல்ல மனிதர். ஆனால் தொலைபேசியை எடுத்தால் எழும்பி நின்றுதான் கதைப்பார், சபையில் சாட்சி சொல்வதுபோல. எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்குப் பதில் சொல்ல இடம் வராது.

2002ஆம் ஆண்டு கோடையில் ஒருநாள் மத்தியானம் வேலை முடிந்து நேரே என் குசினிக்கு வந்தாள். நான் பருப்பும் கத்தரிக்காயும் அடுப்பில் வைத்திருந்தேன்.

“செலினக்கா, உந்த ரெண்டு அகப்பையையும் தாங்கோ.”

“ஒண்டு கறிச்சட்டிக்கை கிடக்கு.”

“கிடக்கட்டும், அதுதான் ரஷ்ய விமானம்.”

எடுத்துவிட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு மேசையில் சொட்டியது. இரண்டு அகப்பைகளையும் ஒரே உயரத்தில் பிடித்து எதிரெதிரே கொண்டுவந்தாள். தாமதமான விமானம் ஒன்றில் காலை நீட்டிக்கொண்டிருந்த டேனிஷ் விமானி ஒருவர் அன்று காலை அவளுக்கு இதைக் கைகளால் காட்டியிருக்கிறார். டிவியில் நாங்களும் பார்த்த செய்திதான். தெற்கு ஜெர்மனியில், ஒரு பெரிய வாவிக்குப் பக்கத்தில், ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் வானத்தில் மோதி எழுபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பெரும்பாலானவர்கள் விடுமுறைக்குப் போன பிள்ளைகள்.

“ரெண்டிலயும் ஒரு பெட்டி இருக்காம். பக்கத்தில வேறை விமானம் வந்தா அந்தப் பெட்டி கத்துமாம். சும்மா கத்திறதில்லை, ரெண்டு பெட்டியும் முதல்ல தங்களுக்குள்ள கதைச்சு ஒத்துக்கொண்டுதான் கத்துமாம். ஒருத்தனுக்கு ஏறு எண்டும், மற்றவனுக்கு இறங்கு எண்டும்.”

“பிறகேன் மோதினது?”

“நிலத்தில இருந்து விமானங்களுக்கு வழி சொல்லுற ஆள் ரஷ்யக்காரனை இறங்கு எண்டிட்டான். பெட்டி ஏறு எண்டுது, நிலத்தில இருக்கிறவன் இறங்கு எண்டுறான். அவன் மனிசன் சொன்னதைக் கேட்டு இறங்கினான். மற்றவன் பெட்டி சொன்னதைக் கேட்டு இறங்கினான். ரெண்டு பேரும் சொல்வழி கேட்டவங்கள்தான், செலினக்கா. ரெண்டு பேரும் இறங்கிட்டாங்கள்.”

அகப்பைகள் இரண்டும் டொக்கென்று முட்டின. எனக்குக் குழம்பு போனதுதான் கவலை.

“நிலத்தில இருந்தவன் என்ன, நித்திரையோ?”

“இல்லை. தனிய விட்டிட்டு மற்றவன் ஓய்வெடுக்கப் போட்டானாம். ரெண்டு திரையையும் ஒருத்தன்தான் பார்த்தது. டெலிபோனும் திருத்திறதுக்காக நிப்பாட்டியிருந்ததாம். பக்கத்து ஊரில இருந்தவங்கள் கண்டிட்டு அடிச்சவங்களாம், லைன் கிடைக்கேல்லை.”

கொஞ்ச நேரம் அகப்பையை நக்கிக்கொண்டிருந்துவிட்டு, “உப்புக் காணாது” என்று சொல்லிப் போய்விட்டாள்.

இந்தக் கதை அவளை விடவில்லை. விமானிகளைக் கண்டால் கேட்பாள். இதற்கு முன் எதைக் கேட்பது என்பது எல்லா இடத்திலும் ஒரேமாதிரித் தெளிவாக எழுதப்பட்டிருக்கவில்லை. இந்த விபத்துக்குப் பிறகு எல்லா நாட்டுக்கும் ஒரே விதி என்று உறுதியாக்கினார்கள். பெட்டி பேசினால் பெட்டி சொல்வதைச் செய், நிலத்தில் இருப்பவர் வேறு சொன்னாலும் கேட்காதே, செய்கிறேன் என்று அவருக்கு அறிவித்தால் போதும். பெட்டி பேசத் தொடங்கிவிட்டால் நிலத்தில் இருப்பவர் வாயை மூட வேண்டும். அதோடு, விமானத்தில் சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவது முன்பிருந்தே பழக்கம், ஒரு சொல்லுக்கு ஒரு கருத்துத்தான் இருக்கலாம் என்பதும் முன்பிருந்தே பழக்கம். இதெல்லாம் ஜெபமலருக்குப் பிடித்துப்போயிற்று. வீட்டில் அல்பேட் ஒன்றும் தான் ஒன்றும் சொல்லி, பிள்ளைகள் நடுவில் நின்றால், “பெட்டி சொல்லுது, போய்ப் படி” என்பாள். மகள் மிரியம் டேனிஷில்தான் பதில் சொல்வாள். அதற்குப் பெயர் பெட்டி இல்லை, டீகாஸ் என்று திருத்துவாள். “டீகாஸோ, பீங்கானோ, போய்ப் படி.”

இரண்டு வருடம் கழித்து, அந்த விபத்தில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த தகப்பன் ஒருவர் அந்த நிலத்தில் இருந்த மனிதரைத் தேடிப்போய்க் கத்தியால் குத்திக் கொன்றார். அந்தச் செய்தியையும் ஜெபமலர்தான் வந்து சொன்னாள்.

இனி 2009க்கு வருகிறேன்.

ஜெபமலருக்கு ஒரு தங்கை, புஷ்பராணி. வன்னியில் இருந்தாள். அவள் கணவர் குலேந்திரன் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தார். பிள்ளைகள் இல்லை. அந்தச் சித்திரை மாதம் ஷெல் துண்டு பட்டுப் புஷ்பராணியின் கால் கிழிந்தது. காயக்காரரைச் செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றி அனுப்பியபோது அவளும் போனாள். அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கடற்கரையில் நின்று, “நீ போ, நான் பின்னாலை வாறன்” என்று சொல்லியிருக்கிறார். கப்பல் அவளைப் புல்மோட்டைக்குக் கொண்டுபோனது. அங்கே ஒரு முகாமில் இருந்தாள். வைகாசியில் எல்லாம் முடிந்தபோது குலேந்திரன் உயிரோடு நடந்து வெளியே வந்தார். அவரைச் செட்டிகுளத்தில் வேறொரு முகாமில் விட்டார்கள். இரண்டுக்கும் முள்கம்பி வேலி. இருவருக்கும் மற்றவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது.

அந்த நாட்களில் இக்காஸ்டில் எல்லா வீட்டிலும் தொலைபேசிதான் வேலை. எங்கள் ஆட்கள் அழுதார்கள், ஊர்வலம் போனார்கள், பிறகு யார் ஊர்வலத்துக்கு வரவில்லை என்று சண்டை பிடித்தார்கள். அல்பேட் மட்டும் விடாமல் தேடி, குலேந்திரன் இருக்கும் கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரக்காரர் ஒருவர் ஒளித்து வைத்திருந்த கைத்தொலைபேசியின் எண்ணைப் பிடித்துவிட்டார். ஜெபமலரின் தமையன் நிக்கலஸ் கோபன்ஹேகன் பக்கம் அல்பர்ட்ஸ்லுண்டில் பஸ் ஓட்டுகிறவர். அவர் புல்மோட்டைக்குப் போய்வரும் ஒரு கன்னியாஸ்திரியின் எண்ணைப் பிடித்தார். ஆக, அல்பேட்டுக்குக் குலேந்திரன், நிக்கலஸுக்குப் புஷ்பராணி. உள்ளூரில் இருந்து அடித்தால் பக்கத்துக் கூடாரக்காரர் பயத்தில் எடுக்கமாட்டார். வெளிநாட்டு அழைப்பு மட்டும்தான் எடுப்பார், அதையும் கதை முடியமுன் வெட்டிவிடுவார். அதனால் புருஷனும் பெண்சாதியும் ஒருவரோடொருவர் கதைக்க வழியில்லை. எல்லாம் டென்மார்க் சுற்றித்தான் போகவேண்டும்.

முதல் அழைப்பில் அல்பேட் வழக்கம்போல எழும்பி நின்று கத்தினார். நான் அங்கேதான் இருந்தேன்.

“தம்பி, புஷ்பராணி உயிரோடை இருக்கிறா! புல்மோட்டையில! காலில காயம், வேறை ஒண்டுமில்லை! யோசியாதை, நாங்கள் எல்லாம் பாக்கிறம்!”

அந்தப் பக்கம் அழுகை. பிறகு, “சரி அண்ணை, பெரிய உபகாரம். அப்ப வாறன்.” அத்தோடு வெட்டுப்பட்டது.

அல்பேட் உடனே நிக்கலஸுக்கு அடித்தார். “மச்சான், குலேந்திரன் வாறானாம்.”

“எங்கை?”

“வேறை எங்கை, புஷ்பராணியிட்டைத்தான்.”

நிக்கலஸ் அதைப் புஷ்பராணிக்குச் சொன்னார். அவள் சந்தேகப்படவில்லை. கடற்கரையில் அவர் சொன்ன சொல்லும் அதுதானே.

காயக்காலை நீட்டிக்கொண்டு முகாம் வாசலில் இருந்து, வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்திருக்கிறாள். குலேந்திரன் செட்டிகுளத்தில், டென்மார்க்கில் எல்லாம் பார்க்கிறார்கள், எப்படியும் அவளை இங்கே கூட்டிவருவார்கள் என்று நினைத்துக்கொண்டு அங்கத்தைய வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரும் அசையவில்லை.

அந்தக் காலத்தில், வெளிக்கிட்ட ஆள் வந்து சேரவில்லை என்றால் அதற்கு ஒரே கருத்துத்தான். ஆண்களைப் பஸ்ஸில் இருந்து இறக்கி விசாரணைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று கேள்விப்பட்டுக்கொண்டிருந்தோம். ஒரு கிழமை போனதும் புஷ்பராணி கன்னியாஸ்திரியின் தொலைபேசியில் அலறினாள். “அண்ணை, அவரை வழியில பிடிச்சிட்டாங்கள்.” இங்கே சபையில் அவருக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள். சில பெண்கள் ஜெபமலரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். உயிரோடு இருந்த மனிதரை ஒரு சொல்லால் காணாமல் போனவராக்கிவிட்டோம்.

பிறகு ஒருநாள் காலை பக்கத்துக் கூடாரக்காரரின் எண் மறுபடி கிடைத்தது.

“ஏன் அண்ணை அழுறியள்?” என்று குலேந்திரன் கேட்டார். “நான் இஞ்சைதானே இருக்கிறன்.”

“நீ வாறன் எண்டு சொன்னனியேடா!”

“அது போனை வைக்கேக்கை சொல்லுறதுதானே அண்ணை. பின்னை போறன் எண்டே சொல்லுறது?”

அல்பேட் கதிரையில் இருந்துவிட்டார். அவர் இருந்துகொண்டு கதைத்து நான் பார்த்தது அன்றுதான்.

இனி நடந்ததுதான் பெரிய கூத்து. அல்பேட்டும் நிக்கலஸும் யார் பிழை என்று சண்டை பிடித்துக் கதையை நிறுத்திவிட்டார்கள். “நீர்தான் வாறான் எண்டனீர்.” “நீர் எங்கை எண்டு கேட்டனீரே ஒழிய, எப்ப எண்டு கேட்டனீரே?” இப்படி. கோபத்தில் இருவருக்கும் வீறாப்பு. அல்பேட் தன் பாட்டில் குலேந்திரனுக்கு, “தம்பி, இருந்தது காணும். குடும்பத்தோடை சேரவேணும் எண்டு கேட்டு, நீ புல்மோட்டைக்குப் போ” என்று சொன்னார். நிக்கலஸ் தன் பாட்டில் புஷ்பராணிக்கு, “அந்தாள் அசையமாட்டார். நீ செட்டிகுளத்துக்குப் போ” என்று சொன்னார். இரண்டு பேரும் சொல்வழி கேட்பவர்கள். இரண்டு பேரும் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் அனுமதி கிடைத்தது.

எங்கோ ஒரு வீதியில் அந்த இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று கடந்திருக்கும். மோதவில்லை. மோதியிருந்தாலாவது ஆளையாள் கண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்கே என் வாயைப் பற்றித் தெரியும்.

குலேந்திரன் புல்மோட்டைக்கு வெளிக்கிட்டுவிட்டாரா என்று விசாரிக்க அல்பேட் அந்தக் கூடாரக்காரரின் எண்ணுக்கு அடித்தார். எடுத்த குரல் புஷ்பராணியுடையது.

“அத்தான், அவர் எங்கை?”

அதே நேரம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. மிரியம் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள். நிக்கலஸ். கன்னியாஸ்திரிக்கு அடித்தாராம், புஷ்பராணியைக் கேட்டாராம், குலேந்திரன் வந்து கதைத்தாராம்.

அப்போதுதான் ஜெபமலர் வேலையால் வந்தாள். விமான நிலைய மஞ்சள் அங்கியைக் கழற்றவில்லை. நான் சுருக்கமாகச் சொன்னேன். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் இறங்கிட்டினம், செலினக்கா.”

எனக்கு அகப்பை நினைவு வந்தது.

அல்பேட்டின் கையில் இருந்த தொலைபேசியை அவள் பிடுங்கினாள். “புஷ்பம், நீ உதிலயே இரு. ஒரு இடமும் அசையாதை. பிறகு எடுக்கிறன்.” வைத்துவிட்டு ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பினாள். “நிக்கலஸ் அண்ணை, இனி நீங்கள் ரெண்டு பேருக்கும் எடுக்கப்படாது. இவரும் எடுக்கப்படாது. நான் மட்டும் கதைக்கிறன்.”

“நீ ஆர் எனக்குச் சொல்ல? நான் மூத்தவன்.”

“மூத்தவரெண்டபடியாத்தான் நிலத்தில இருந்துகொண்டு கத்துறியள்.”

“என்ன நிலம்?”

“அது உங்களுக்கு விளங்காது. ஒருத்தர் இருக்கவேணும், மற்றவர் போகவேணும். அதை ஒரு வாய் சொல்லவேணும். ரெண்டு வாய் சொன்னா இப்பிடித்தான்.”

அல்பேட் மெதுவாக, “முதல்ல பிழை விட்டது ஆரெண்டு...” என்று தொடங்கினார்.

“அதைப் பிறகு பாப்பம். அந்தத் தேப்பன் ஆளைத் தேடிப்போய்க் குத்தினவன். பிள்ளையள் எழும்பி வந்ததுகளே?”

யார் தகப்பன், யாரைக் குத்தினார் என்று நிக்கலஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

புஷ்பராணியின் கால் இன்னும் ஆறவில்லை, அதனால் அவள் இருப்பது, குலேந்திரன் போவது என்று முடிவு. ஆனால் இன்னொருமுறை மாற விடுவார்களா என்பது பெரிய கேள்வியாக இருந்தது. இதுதான் கடைசி என்று குலேந்திரனுக்குச் சொல்லிவிட்டார்களாம். கன்னியாஸ்திரி நடையாய் நடந்து அனுமதி வாங்கிக் கொடுத்தார். அந்தச் செய்தி வந்த காலை ஜெபமலர் குலேந்திரனோடு கதைத்தாள். நான் அவளுடைய மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், என் கண் ஏன் கலங்கியது என்று யாரும் கேட்க வேண்டாம்.

“குலேந்திரன், நான் சொல்லுறதைத் திருப்பிச் சொல்லு. நீ என்ன செய்யப்போறாய்?”

“செட்டிகுளத்துக்கு... வாறன் அக்கா.”

“வாறன் இல்லை. நான் செட்டிகுளத்திலயோ இருக்கிறன்? நான் இக்காஸ்டில இருக்கிறன். போறன் எண்டு சொல்லு.”

“அக்கா, அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லாதேங்கோ. வழியில ஆக்களை இறக்கிறாங்கள். இந்த நேரத்தில வாயால போறன் எண்டு...”

“வாறன் எண்டு சொன்னதுக்குத்தான் உன்ரை மனிசி நீ செத்திட்டாய் எண்டு அழுதவள். நாங்கள் இஞ்சை உபவாசம் இருந்தனாங்கள். அந்த நல்ல சொல்லாலை வந்த வினைதான் இவ்வளவும். போறன் எண்டு சொல்லு.”

அல்பேட் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“போறன்.”

“எங்கை?”

“செட்டிகுளத்துக்குப் போறன்.”

“ஆரிட்டை?”

“புஷ்பராணியிட்டைப் போறன்.”

“அவள் என்ன செய்யிறாள்?”

“அவ அசையாம இருக்கிறா.”

“சரி. வை.”

பிறகு தங்கைக்கு அடித்தாள். அங்கேயும் அதே பாடம்.

“புஷ்பம், நீ என்ன செய்யப்போறாய்?”

“இருக்கிறன்.”

“அவர் வரப் பிந்தினா?”

“இருக்கிறன்.”

“ஆரும் வந்து, அவரைப் பிடிச்சிட்டாங்கள், அங்கை ஓடு, இஞ்சை ஓடு எண்டா?”

“இருக்கிறன், அக்கா.”

“நிக்கலஸ் அண்ணை எடுத்துச் சொன்னா?”

மூத்த தமையன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாத பெண்.

“போனை வைக்கிறன்,” என்றாள்.

குலேந்திரன் வெளிக்கிட்டார் என்று கன்னியாஸ்திரி அறிவித்தார். ஆனால் அந்தப் பஸ் செட்டிகுளத்துக்கு வந்தபோது அதில் அவர் இல்லை. வழியில் சிலரை இறக்கிவிட்டார்கள் என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்ன கதை, வெளிநாடெல்லாம் சுற்றி நிக்கலஸிடம் முதலில் போய்ச் சேர்ந்தது. இந்தமுறை அது வாய்தவறிய சொல் இல்லை. உண்மையாகவே இறக்கியிருந்தார்கள்.

ஜெபமலர் அதைக் கேட்டதும் தரையில் இருந்து, வாய்க்குள் ஜெபம் பண்ணினாள். பெந்தெகொஸ்தேக்காரர் சத்தமாகத்தான் ஜெபம் பண்ணுவார்கள் என்று நினைத்திருந்தேன். பிறகு எழும்பி வேலைக்குப் போய்விட்டாள். தொலைபேசியைத் தன்னோடு கொண்டுபோனாள். அல்பேட் கேட்டும் கொடுக்கவில்லை.

நிக்கலஸுக்குப் பொறுக்க முடியவில்லை. அவரையும் குறை சொல்லமாட்டேன், அவருக்கும் தங்கைதானே. ஜெபமலர் போட்ட தடையை மீறி, அந்தக் கூடாரக்காரரின் எண்ணை எப்படியோ தேடிப்பிடித்து அடித்துவிட்டார். புஷ்பராணி வந்ததும், “பிள்ளை, அவரை இறக்கிட்டாங்களாம். நீ உடனை வவுனியாவுக்குப் போக அனுமதி கேள். அங்கை ஆஸ்பத்திரியில, பொலிசில, எல்லா இடமும் விசாரி. உதில இருந்து என்ன செய்யப்போறாய்?” என்று அழுதிருக்கிறார்.

அவள், “அண்ணை, போனை வைக்கிறன்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நிக்கலஸ் அன்று பின்னேரம் இங்கே எடுத்துப் பொரிந்து தள்ளினார். “என்ரை முகத்தில வைச்சிட்டாள்! தாய்க்குப் பிறகு அவளை வளர்த்தது நான்! என்னத்தைச் சொல்லிக் குடுத்திருக்கிறாய் அவளுக்கு?”

ஜெபமலர் தொலைபேசியைக் காதில் இருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும், “வைச்சிட்டாளே? உண்மையாவோ?” என்று கேட்டாள். “ஓம்!” என்று அவர் கத்தினார். “நல்லது அண்ணை,” என்றாள். அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. சோற்றை மட்டும் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அவள் செய்தது சரி என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை. எனக்கும் இல்லை. விமானத்தில் பெட்டிகள் இரண்டும் கதைத்து ஒத்துக்கொள்ளும். இங்கே இடையில் சோதனைச்சாவடி இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, அவை யாரோடும் ஒத்துக்கொள்ளாது. அதை அவளிடம் சொன்னேன்.

“தெரியும்,” என்றாள். “என்ரை கையில இருக்கிறது புஷ்பம் அசையாம இருக்கிறது மட்டும்தான். அதையாவது செய்வம்.”

குலேந்திரனை வழியில் ஒரு இடத்தில் வைத்து விசாரித்திருக்கிறார்கள். கையைப் பார்த்திருக்கிறார்கள், சைக்கிள் எண்ணெய் ஊறிய நகம். எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருமுறையும் ஒரே பதில் சொன்னாராம், செட்டிகுளத்துக்குப் போறன், புஷ்பராணியிட்டைப் போறன், அவ அசையாம இருக்கிறா. யாருக்காகச் சொன்னாரோ தெரியாது. பிறகு, ஏன் விட்டார்கள் என்று சொல்லாமலே விட்டார்கள். வேறொரு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அவர் வந்து இறங்கியபோது முகாம் வாசலில் புஷ்பராணி காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். அந்தக் காலை வவுனியா ஆஸ்பத்திரிகளில் இழுத்துக்கொண்டு திரிந்திருந்தால், இந்த வாசலில் யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

அழைப்பு வந்தபோது ஜெபமலர் என் குசினியில் இருந்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள்.

“வந்திட்டார்,” என்று புஷ்பராணி சொன்னாள்.

“ஆர்?”

“அவர்.”

“பேரைச் சொல்லு.”

“குலேந்திரன், அக்கா! குலேந்திரன் வந்திட்டார்! பக்கத்தில நிக்கிறார்!”

ஜெபமலர் அப்போதும் விடவில்லை. “ஆளிட்டைக் குடு.”

குலேந்திரன் எடுத்து நன்றி சொன்னார், கர்த்தருக்குச் சொன்னார், அல்பேட் அண்ணைக்குச் சொன்னார், கன்னியாஸ்திரிக்குச் சொன்னார். பக்கத்துக் கூடாரக்காரர் சுருக்கச் சொல்லிக் கத்துவது கேட்டது. கடைசியில் வைக்கிற நேரம் வந்ததும் மனிதர் தடக்கி நின்றுவிட்டார்.

“சரி அக்கா, அப்ப...” என்றார். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கியது எனக்கே கேட்டது. “அக்கா, நான் இனி ஒரு இடமும் வரேல்லை, ஒரு இடமும் போகேல்லை. வைக்கிறன்.”

ஜெபமலர் சிரித்தாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள், சத்தமாகவே. நான் தேத்தண்ணி போட்டேன். குடித்து முடித்து, முகத்தைக் கழுவி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, தொலைபேசியை இனி அல்பேட்டிடம் கொடுக்கலாம் என்றாள்.

“சரி, செலினக்கா. நான் போறன்.”

முதல்முறை என்பதால் எனக்குத் திக்கென்றது. வாயைத் திறக்கமுன் அவள் படியிறங்கிவிட்டாள். உள்ளே பருப்பு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது.